ஃபேன்லைட்: விசிறிப் பலகணி

டப்ளின் நகரின் மெரியன் சதுக்கத்தில் 1762 முதல் எழுந்த செங்கல் வீடுகளின் தெருக்கதவுக்கு மேலே, அரைவட்டமாக ஒரு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் சட்டங்கள் கீழ் நடுவிலிருந்து கதிர்போலப் பிரிந்து விளிம்பைத் தொடும். இதுதான் ஃபேன்லைட். பிரிட்டனையும் அயர்லாந்தையும் நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714–1830 காலத்துக் கட்டடக்கலையின் அடையாளங்களில் ஒன்று.

'ஃபேன்' என்பது விசிறி. இதன் மூலம் லத்தீனின் 'வன்னுஸ்'; தானியம் தூற்றும் முறத்துக்கு அந்தப் பெயர். 'லைட்' இங்கே விளக்கு அன்று. வெளிச்சம் நுழையும் திறப்பையும் ஆங்கிலக் கட்டடக்கலையில் அப்படியே சொல்வார்கள். எனவே 'விசிறி விளக்கு' என்று பெயர்ப்பது பொருளையே மாற்றிவிடும்.

இந்தச் சாளரம் வெறும் அலங்காரத்துக்காக வந்ததில்லை. வரிசை வீடுகள் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொள்பவை. முகப்பு குறுகலாகவும் உட்புறம் நீளமாகவும் இருக்கும். கதவை ஒட்டிய நடைக்குப் பக்கத்தில் சாளரம் வைக்க வழியில்லை. பாதுகாப்புக்காகக் கதவோ கெட்டி மரம். மிஞ்சியது கதவுக்கு மேலே உள்ள இடம்தான். சில வீடுகளில் அந்தக் கண்ணாடியோடு சேர்த்தே ஒரு விளக்குக்கூண்டு அமைத்தார்கள். ஒரே விளக்கு நடைக்கும் வாசற்படிக்கும் ஒளி தந்தது. தொடக்கத்தில் மரத்தால் ஆன சட்டங்கள், பின்னர் இரும்பு, ஈயம் போன்ற உலோகங்களுக்கு மாறியதும் கொடியிழை போல மெலிந்தன. அடுத்தடுத்த வீடுகளில் செங்கல் முகப்பு ஒன்றுபோல இருந்தாலும் இந்த வேலைப்பாடு வேறுபடும். டப்ளினின் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் 1960களில் இத்தகைய 16 வீடுகளை ஒரே வரிசையாக இடித்தது பேரிழப்பு என்றே சொல்வேன்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'காலதர்' அழகான பழஞ்சொல். சிலப்பதிகாரத்தில் 'மான்கட் காலதர்' வருகிறது. ஆனால் கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஃபேன்லைட் பெரும்பாலும் திறக்காதது, அது ஒளிக்கானது. நம் வீடுகளில் கதவுக்கு மேல் வைக்கும் வென்டிலேட்டருக்குத்தான் காலதர் பொருந்தும். 'ஜன்னல்' போர்ச்சுகீசியத்திலிருந்து வந்து நிலைத்துவிட்டது, அதை மறுக்க வேண்டியதில்லை. என்றாலும் பல கண்களை உடைய 'பலகணி', பல கண்ணாடித் துண்டுகள் சேர்ந்த இந்த அமைப்புக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே 'விசிறிப் பலகணி' என்பதே என் தேர்வு.

செவ்வக வடிவில் இருப்பதையும் ஆங்கிலத்தில் ஃபேன்லைட் என்றே அழைக்கிறார்கள். அதற்கு விசிறி பொருந்தாது. 'நிலைமேல் பலகணி' எனலாம்.