விண்ணோடி: சொல் விளக்கம்

விண்வெளிக்குப் போன பெண் என்றால் நம் பத்திரிகைகளுக்கு ‘விண்வெளி வீராங்கனை’தான். வாலண்டினா தெரஸ்கோவா தொடங்கி சுனிதா வில்லியம்ஸ் வரைக்கும் அதே சொல். பிரித்தால் வீர + அங்கனை; வடமொழியில் அங்கனை என்றால் பெண், இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால் ‘அழகிய அங்கங்கள் உடையவள்’. தெரஸ்கோவா ஒரு நெசவாலைத் தொழிலாளி, பாராசூட்டில் குதிப்பது பொழுதுபோக்கு. 1963 ஜூன் 16 அன்று, 26 வயதில், வோஸ்டாக் 6 கலத்தில் தனியாளாக ஏறி பூமியை 48 முறை சுற்றிவிட்டு இறங்கினார். அவரைச் சொல்ல அங்க அழகில் பிறந்த சொல் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

சரி, மூலத்தில் என்ன இருக்கிறது? அமெரிக்கர்கள் அஸ்ட்ரோநாட் என்கிறார்கள், ரஷ்யர்கள் காஸ்மோநாட் என்கிறார்கள். இரண்டுமே கிரேக்க வேர்கள்: அஸ்ட்ரோன் விண்மீன், காஸ்மோஸ் பேரண்டம், வாலில் ஒட்டியிருக்கும் ‘நாட்’ கப்பலோட்டி. வீரமும் இல்லை, போரும் இல்லை, ஆண் பெண் பேச்சும் இல்லை.

அப்படிப் பார்த்தால் தமிழில் ஏற்கெனவே சிலர் எழுதிவரும் ‘விண்ணோடி’ கச்சிதமாகப் பொருந்துகிறது. கடலோடி மாதிரி விண்ணோடி. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்கு உரையே வேண்டாம். தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரையைப் பார்க்காமல் கடலிலேயே கிடப்பார்கள், கடலோடி என்றால் யார் என்று குளச்சலில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கையைக் காட்டிவிடும். ‘ஓடி’ என்று முடிந்தால் ஓடிப்போனவன் மாதிரி இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அப்போ முன்னோடி? அது மட்டும் மரியாதையான சொல்லாக இல்லையா? தெரஸ்கோவா முன்னோடி, அப்புறம் விண்ணோடி, இரண்டுக்கும் பெண்பால் விகுதி தேவைப்படவில்லை.

இன்னொரு வசதி, இந்தச் சொல்லுக்கு நாடும் கிடையாது. அஸ்ட்ரோநாட், காஸ்மோநாட் என்ற பிரிவே பனிப்போர்க் காலத்துப் பங்காளிச் சண்டையின் மிச்சம்தானே. 1975 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அப்பல்லோ கலமும் சோவியத்தின் சோயுஸ் கலமும் விண்ணில் இணைந்து, அவற்றின் தலைவர்கள் ஸ்டாஃபோர்டும் லியோனோவும் கைகுலுக்கினார்கள். அதற்கு முன் இருந்த இணைப்புக் கருவிகளில் ஒரு பக்கம் நுழையும், அது ‘ஆண்’; மறு பக்கம் வாங்கிக்கொள்ளும், அது ‘பெண்’. நம் பைப் கடையில் மரையுள்ள இணைப்புகளை எம்டிஏ (மேல்), எஃப்டிஏ (ஃபீமேல்) என்று கேட்பது போல. இந்தப் பயணத்துக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யும் கருவியை உருவாக்கினார்கள், அதற்கு வைத்த பெயர் ‘ஆண்பெண்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். கருவிக்கு அந்த நியாயம் சீக்கிரமே கிடைத்துவிட்டது. மனுஷிகளுக்கு அப்படியில்லை, 1982-இல் ஸ்வெத்லானா சவீட்ஸ்கயா சோவியத்தின் சல்யூத் 7 விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்தபோது சமையல் ஏப்ரனை நீட்டி வரவேற்றதாகச் சொல்வார்கள். 1984 ஜூலை 25 அன்று அவர் கலத்துக்கு வெளியே வந்து வெல்டிங் செய்தார். விண்ணில் நடந்த முதல் பெண் அவர்தான்.

ஹெலன் ஷார்மனை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் கம்பெனியில் வேலை பார்த்த வேதியியலர், பிரிட்டனிலிருந்து விண்வெளிக்குப் போன முதல் ஆள், 1991 மே மாதம் சோவியத் கலத்தில் மிர் நிலையத்துக்குப் போனார். அவர் அஸ்ட்ரோநாட்டா, காஸ்மோநாட்டா? பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்கென ஸ்பேசியோநாட் வைத்திருக்கிறார்கள், சீனர்களை வெளிநாட்டுப் பத்திரிகைகள் டைக்கோநாட் என்கின்றன, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக நம் அரசு ககன்யாத்ரி என்கிறது. தமிழுக்கு விண்ணோடி ஒன்றே போதும்.

‘வீரர்’ என்பதில் உள்ள ர் மரியாதை விகுதி, பெண்ணுக்கும் பொருந்தும் என்று வாதிடலாம். இலக்கணப்படி சரிதான், ஆனால் வழக்கில் வீரர் என்றதும் ஆண்தான் நினைவுக்கு வருகிறார், அதனால்தானே வீராங்கனையைத் தேடிப் போனோம்.

ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி, ககன்யான் எஞ்சின்களைச் சோதித்த இடம். முதலில் அறிவித்த நான்கு பயணிகளும் ஆண்கள். அவர்களுக்கு முன்னால் ஆளில்லாக் கலத்தில் போகவிருப்பது வியோமித்ரா, பெண் உருவில் செய்த ரோபோ. அதற்கும் ‘வீராங்கனை’ என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். பன்மை விண்ணோடிகள். பெண் என்று குறிப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில் ‘பெண் விண்ணோடி’ என்று எழுதலாம்.