கான்ஃபிக் ஃபைல்: தமிழில் அமைவுக் கோப்பு

தர்மபுரியிலும் ஓசூரிலும் சர்வர் பார்ப்பவர்கள் பேச்சில் 'கான்ஃபிக் போட்டாச்சா?', 'கான்ஃபிக் ஃபைல் இல்லாம ஓடாது' என்ற இரண்டும் அடிக்கடி காதில் விழும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மேசையில் புழங்கும் ஓசூரில், மூன்று மொழிக்காரருக்கும் பொதுவாக இந்தச் சொல் நிலைத்துவிட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் பல நேரம் உண்மையல்ல.

கான்ஃபிக்கின் முழு வடிவமான கான்ஃபிகரேஷன் லத்தீன் வழி வந்தது. 'கான்' என்றால் சேர்த்து, 'ஃபிகுரா' என்றால் உருவம். ஃபிகுராவுக்கு அடியில் இருப்பது 'ஃபிங்கெரே' என்ற வினை. களிமண்ணுக்கு உருக்கொடுப்பது அதன் பழம்பொருள். நம் குயவர் சொல்லும் 'வனைதல்' அதற்கு நேரானது. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் இது கோள்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலையைக் குறித்தது. பிறகு எந்தப் பொருளின் பாகங்களும் பொருந்தி நிற்கும் விதத்துக்கு ஆகிவந்தது. கணினியிலோ, ஒரு நிரலுக்கு நாம் தெரிந்தெடுத்துத் தரும் மதிப்புகளின் தொகுதி என்று பொருள்.

தமிழில் 'கட்டமைப்பு' என்று எழுதுவோர் உண்டு. சாலை, பாலம் வரைக்கும் அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டதால் இங்கே குழப்பும். கைபேசியில் பார்க்கும் 'அமைப்புகள்' என்பதும் அப்படித்தான். சங்கமும் அமைப்பு, சிஸ்டமும் அமைப்பு. 'உள்ளமைவு' பரவலாக இருக்கிறது, ஆனால் நிரலுக்குள்ளேயே இருப்பது போன்ற எண்ணத்தைத் தருகிறது; நாம் பேசுவதோ வெளியிலிருந்து நாம் கொடுப்பதை. ஆகவே 'அமைவு' போதும், ஃபைலுக்கு 'அமைவுக் கோப்பு'. கோத்து வைத்தது கோப்பு என்பதும் பொருந்துகிறது. அமைதல் என்றால் பொருந்துதல், நிலைபெறுதல். 'நீரின்று அமையாது உலகு' என்ற 20ஆம் குறளில் நீர் இல்லாமல் உலகால் முடியாது என்ற பொருள். பழந்தமிழில் 'அமையும்' என்றால் 'போதும்' என்றும் பொருள் உண்டு. கோப்பின்றி அமையுமா, அமையாதா என்பதே ஒவ்வொரு கருவியிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் கருவியை எடுத்துக்கொள்வோம். 1995இல் ஃபின்லாந்தின் டாட்டு யூலோனென் எழுதியது. பர்கூர் கல்லூரி ஆய்வகத்தில் இருந்துகொண்டு வேறொரு கணினிக்குள் நுழைய, கட்டளையின் பெயர், பயனர்பெயர், அட் குறி, முகவரி இவை அமையும். வாயில் (போர்ட்) எண் சொல்லாவிட்டால் 22, பயனர்பெயர் சொல்லாவிட்டால் இங்கே உள்ள பெயர். கட்டளையோடு சிறுகோடிட்டுச் சேர்க்கும் ஆங்கில எழுத்துகளில், வேறு வாயிலுக்குச் சிறிய பி, சாவிக் கோப்புக்குச் சிறிய ஐ, இடைக் கணினி வழியே தாவ பெரிய ஜே. (கோப்பு நகலெடுக்கும் எஸ்சிபியில் மட்டும் வாயிலுக்குப் பெரிய பி, சிறிய பி அங்கே கோப்பின் நேரக்குறிகளைக் காப்பதற்கு. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.) முப்பது கணினி, வேறு வேறு சாவி என்று வரும்போது அமைவுக் கோப்பு உண்மையிலேயே கைகொடுக்கும். அதுவரை தேவையில்லை.

இருந்தால் வரும் சிக்கல்களும் அறியத்தக்கவை. எஸ்எஸ்ஹெச் ஒவ்வொரு அமைவுக்கும் முதலில் கிடைத்த மதிப்பையே எடுக்கும்: முதலில் கட்டளைவரி, பிறகு பயனரின் கோப்பு, கடைசியில் கணினி முழுமைக்கான கோப்பு. எல்லாக் கணினிக்குமான நட்சத்திரப் பகுதியைக் கோப்பின் மேலே வைத்தால், அங்கே சொன்ன மதிப்பைக் கீழே தனிக் கணினிக்கு எழுதியது மாற்றாது. அதைக் கடைசியில் வையுங்கள். கோப்பில் பிறர் எழுத அனுமதி இருந்தால் கருவி ஏற்காது. அனுமதியை 600 (உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும்) ஆக்கினால் போதும். எந்த மதிப்பு நடப்பில் இருக்கிறது என்று தெரிய, பெரிய ஜி போட்டு முகவரியைக் கொடுத்தால் இணையாமலே பட்டியலிடும். பெரிய எஃப் போட்டு, எதுவுமில்லை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் 'நன்' (none) கொடுத்தால் கோப்புகளையே படிக்காது. பழுது கோப்பிலா வலையிலா என்று பிரித்தறிய இதைவிட விரைவான வழி இல்லை.

பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆன்சிபிள் கருவி கணினிப் பட்டியல் கோப்பைத்தான் எதிர்பார்க்கும் என்பது பரவலான எண்ணம். சிறிய ஐக்குப் பின் 192.168.1.20 என்று எழுதி, ஒட்டி ஒரு காற்புள்ளி வைத்தால் கோப்பே வேண்டாம். காற்புள்ளி விட்டுப்போனால் அந்த எண்ணையே கோப்பின் பெயராகக் கொண்டு தேடும். பட்டியலைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும். நிரல்களைச் சர்வரில் வெளியிடும் கேபிஸ்ட்ரானோ வேறு வகை: அதன் அமைவுக் கோப்பான கேப்ஃபைல் இல்லாவிட்டால் தொடங்கவே மாட்டாது. வரிசையாகப் பல படிகள் உள்ள வெளியீட்டு வேலைக்கு அது நியாயம். ஒரே ஒரு தொலைக் கணினியில் ஒரு கட்டளை ஓட்டும் கருவி வெறுங்கோப்பாவது வேண்டும் என்று நின்றால் அது நியாயமல்ல. பயனர் அதற்காக ஒரு காலிக் கோப்பை உருவாக்குவார், அடுத்தவர் அதைப் பார்த்து ஏதோ காரணம் இருக்கிறது என்று நம்பி நகலெடுப்பார்.

கருவி எழுதுவோருக்கு, மேகச் சேமிப்பகங்களுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்க்குளோன் நல்ல முன்மாதிரி. கோப்பு கிடைக்கவில்லை, இயல்பு மதிப்புகளைப் பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரி அறிவித்துவிட்டு வேலையைத் தொடரும். தமிழாக்கத்தில் அந்த வரியைப் 'பிழை' என்று தொடங்கக் கூடாது. 'அறிவிப்பு: அமைவுக் கோப்பு இல்லை, இயல்பு மதிப்புகள் அமையும்' என்று எழுதலாம். நிற்கவே வேண்டிய கருவிக்குக் 'கட்டாய அமைவுக் கோப்பு', மற்றவற்றுக்கு 'விருப்ப அமைவுக் கோப்பு' என்று உதவிக் குறிப்பின் முதல் வரியிலேயே குறித்துவிட வேண்டும்.