கரைக்கோடு எங்கே இருக்கிறது?

கொழும்பு வெள்ளவத்தையில் மரைன் டிரைவையும் தண்டவாளத்தையும் தாண்டினால் கடல். மாசியில் போனால், கருங்கல் அணைக்கு முன்னால் சில இடங்களில் மணலில் நடக்கலாம். ஆடியில் அதே இடத்தில் அலை கல்லில் வந்து அறையும். கடல் எவ்வளவு அரித்துவிட்டது என்று இந்த இரண்டு மாதங்களிலும் அளந்தால் இரண்டு விடை வரும்.

காரணம் சோழகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை அது எழுப்பும் பெரிய அலைகள் கரை மணலை இழுத்துப்போய், சற்றுத் தள்ளி நீருக்கடியில் திட்டாகக் குவிக்கும். காற்று தணிந்ததும் சின்ன அலைகள் அந்த மணலில் பெரும்பகுதியை மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவரும். திரும்பி வரும் மணலை அரிப்பு என்று கணக்கெழுதக் கூடாது. அதனால் பெப்ரவரியைப் பெப்ரவரியோடுதான் ஒப்பிட வேண்டும். களனி கங்கையில் மணல் அள்ளுவதால் முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள கரைக்கு மணல் வராமல் போவது வேறு வகை. அந்த இழப்பைப் பருவம் ஈடுசெய்யாது.

சரி, எதைக் கரைக்கோடு என்பது? நீரின் விளிம்பு ஒவ்வோர் அலைக்கும் நகர்கிறது. கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் மணலில் நீர்மட்டம் 60 சென்டிமீட்டர் ஏறினாலே விளிம்பு 6 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஆகவே ஈர மணலும் காய்ந்த மணலும் சந்திக்கும் கோட்டைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது கொஞ்சம் நிதானமாக நகரும்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் வேலை இன்னும் சுலபம் போலத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும். கறுப்பு முடியும் இடம்தான் கரை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் அகலம். வெள்ளை நுரையும் குழப்பும். ஒவ்வொரு படத்திலும் கோடு 5 மீட்டர் பிசகலாம் என்று வைத்தால், இரண்டு படங்களை ஒப்பிடும்போது பிசகு சுமார் 7 மீட்டர். பத்து வருட இடைவெளி இருந்தால் அது வருடத்துக்கு 70 சென்டிமீட்டர். அதற்குக் குறைவான அரிப்பை அந்த இரண்டு படங்களை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க நமக்குத் தண்டவாளம் இருக்கிறது. அது நகர்வதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான். கருங்கல் அணை இருக்கும் இடத்தில் கோடு பின்வாங்க முடியாது. வரைபடம் 'மாற்றமில்லை' என்று காட்டும். அதே நேரம் அணையின் காலடியில் மணல் தாழ்ந்துகொண்டே போகலாம். ஒருநாள் கல் சரியும்போதுதான் அது நமக்குத் தெரியவரும். அதனால் கோட்டை மட்டும் அல்ல, சரிவையும் அளக்க வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அமெரிக்கக் கடலியலாளர் கே. ஓ. எமரி 1961இல் விளக்கிய முறைக்கு ஒரே உயரமான இரண்டு அளவுத்தடிகளும் தெளிவான அடிவானமும் போதும். அசையாத ஒரு கொங்கிரீட் மூலையிலிருந்து தொடங்கி, தடிகளை 2 மீட்டர் இடைவெளியில் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கரைப்பக்கத் தடியில் நிற்பவர், முன் தடியின் நுனி அடிவானத்தோடு சேரும்வரை கண்ணைக் கீழே இறக்குவார். தன் தடியின் நுனியிலிருந்து கண் எவ்வளவு இறங்கியதோ, அவ்வளவுதான் மணலின் இறக்கம். அப்புறம் அடுத்த 2 மீட்டர். குறித்த புள்ளிகளை இணைத்தால் கரையின் குறுக்குவெட்டு கிடைக்கும். அதன் பரப்பு 5 சதுர மீட்டர் குறைந்தால், 100 மீட்டர் நீளக் கரையில் 500 கனமீட்டர் மணல் போய்விட்டது.

2020இல் கல்கிசைக் கரையில் கடலுக்கு அடியிலிருந்து எடுத்த மணலைக் கொட்டினார்கள். அது எங்கே போனது என்று பெரிய வாக்குவாதம் எழுந்தது. கரையில் நின்று பார்த்து அதற்கு விடை சொல்ல முடியாது. தடி எட்டாத ஆழத்தில் படகில் போய், ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எதிரொலிமானியால் அதே குறுக்குவெட்டை நீருக்கடியிலும் நீட்டி அளந்தால்தான், கரையில் குறைந்த மணல் அருகிலுள்ள திட்டில் கிடக்கிறதா, அந்த இடத்தை விட்டே போய்விட்டதா என்பது தெரியும்.