நன்றாகப் பாடும் பிள்ளையின் தொண்டை: பள்ளி இசை நாடகம் நடத்துவோருக்கும் பெற்றோருக்கும்

கத்தோலிக்கப் பள்ளிகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாட்டுக் காலம். கிறிஸ்து பிறப்பு விழா, அதையொட்டிய கேரல் பாடல்கள், புத்தாண்டு பிறந்ததும் ஆண்டு விழா, அவ்விழாவின் நடுநாயகமாக மாணவர்களின் இசை நாடகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. காது மூக்கு தொண்டைப் பிரிவில் குரல் சிகிச்சையாளராகப் பணியாற்றும் என்னிடம் இக்காலத்தின் பிற்பகுதியில் கரகரத்த குரலோடு அழைத்து வரப்படும் பிள்ளைகள் பாடத் தெரியாமல் கத்தியவர்கள் அல்லர். அவர்கள் வகுப்பிலேயே நன்றாகப் பாடுகிறவர்கள். பாட்டு என்றதும் ஆசிரியர்கள் முதலில் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள்.

காலை வணக்கக் கூட்டத்தில் இறைவேண்டல் பாடலைத் தொடங்குவது அந்தப் பிள்ளைதான். முதல் வெள்ளித் திருப்பலியில் பதிலுரைப் பாடலைப் பாடுவதும் அதே பிள்ளை. ஞாயிறன்று பங்கின், அதாவது தம் ஊர் ஆலயத்தின், பாடகர் குழுவிலும், மறைக்கல்வி விழாவிலும், டிசம்பர் இரவுகளில் அன்பியம் அன்பியமாக (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களே அன்பியங்கள்) வீடு வீடாகச் செல்லும் கேரல் குழுவின் முன்வரிசையிலும் அவனோ அவளோ நிற்பதைக் காணலாம். இவ்வளவுக்கும் மேலே இசை நாடகத்தின் ஒத்திகை வந்து சேர்கிறது. பள்ளியில் இசை ஆசிரியை, பங்கில் பாடகர் குழுவை நடத்துபவர், மறைக்கல்வி வகுப்பில் அருள்சகோதரி என ஒவ்வொருவரும் தாம் கேட்டு வாங்கும் அரை மணி நேரத்தை மட்டுமே அறிவார்கள். மொத்தக் கணக்கு எவரிடமும் இருப்பதில்லை. ஆகவே, முதல் சந்திப்பிலேயே ஒரு வாரத்தில் பிள்ளை எங்கெங்கு, எவ்வளவு நேரம் பாடுகிறது என்பதை எழுதித் தருமாறு தாயிடம் கேட்பேன். எழுதி முடிப்பதற்குள் பெரும்பாலான தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை.

இதைச் சொல்வதனால் பள்ளியில் பாட்டைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 115ஆம் பிரிவு, குருமடங்களோடு கத்தோலிக்கப் பள்ளிகளையும் சேர்த்தே குறிப்பிட்டு, அங்கெல்லாம் இசை கற்பித்தலுக்கும் பயிற்சிக்கும் மிகுந்த முக்கியத்துவம் தர வேண்டும் என்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளையையாவது இசைக்கென ஒதுக்கி, அதற்கு ஓர் ஆசிரியரையும் அமர்த்தியிருக்கும் பள்ளிகளை நான் பெரிதும் மதிக்கிறேன். கணக்குத் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான் என்பதும் எனக்குத் தெரியும். ஆண்டு முழுவதும் மிதமாகப் பாடிப் பழகிய தொண்டை இசை நாடகத்தைத் தாங்கும்; ஆண்டெல்லாம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி மூன்று வாரங்களில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் உழைக்கும் தொண்டை தாங்காது.

தொண்டையில் அதிர்ந்து ஒலி எழுப்பும் குரல் நாண்கள் பிறக்கும்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு அவை 11 முதல் 15 மில்லிமீட்டர் வரையும், ஆணுக்கு 17 முதல் 21 மில்லிமீட்டர் வரையும் வளர்கின்றன. அவற்றின் உள்ளடுக்குகள் பெரியவர்களுக்கு உள்ளதுபோல் முழுமையாகப் பிரிந்து உறுதிப்படுவது பதின்பருவத்தின் இறுதியில்தான். பியானோவின் நடுப்பகுதியில் உள்ள ஆறு கட்டைச் சுரத்தில் (A) ஒரு பிள்ளை பாடும்போது அந்தச் சிறிய நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு நிமிடம் இடைவிடாது நீட்டினால் 26,400 முறை. மெதுவாகப் பாடினால் இந்த மோதல் மென்மையாக நிகழ்கிறது. கத்திப் பாடினால் நாண்களின் முன்புற மூன்றில் ஒரு பகுதியும் நடுப்பகுதியும் சேரும் இடத்தில் அடி பலமாக விழுந்து, முதலில் வீக்கமும், அது ஆறுவதற்கு இடம் கொடாவிட்டால் இருபுறமும் சிறு முடிச்சுகளும் தோன்றுகின்றன. குழந்தைப் பருவத்தில் இந்த முடிச்சு பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். விளையாட்டு மைதானத்துக் கூச்சலுக்கும் இதில் பங்கு உண்டு.

பிள்ளை ஏன் கத்துகிறது என்று கேட்டால், நான் முதலில் குறை சொல்வது பாட்டின் சுருதியைத்தான். நாடகத்துக்கான பாடல்கள் பெரும்பாலும் ஆயத்தமான கரோக்கி டிராக்காக இணையத்திலிருந்து இறக்கப்படுகின்றன. அந்த டிராக் வளர்ந்த பாடகர் ஒருவரின் குரலுக்காக அமைக்கப்பட்டது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நடு ஸ்தாயியின் ஒரு கட்டை சட்ஜமத்திலிருந்து (பியானோவின் நடு C) மேலே ஒரு ஸ்தாயியும், அதாவது மேல் சட்ஜமம் வரையும், அதற்குச் சற்று மேலும் இயல்பாக வரும். அதற்குக் கீழே காற்றுதான் வரும், குரல் வராது. ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகரின் டிராக்கைப் போட்டால் பல்லவியின் தாழ்ந்த சுரங்கள் பிள்ளைக்கு எட்டாமல் போகின்றன, சரணத்தின் உச்சியிலோ அதே அழுத்தமான குரலைக் கீழிருந்து மேலே இழுத்துச் செல்ல முயன்று பிள்ளை கத்துகிறது. அரங்கில் அமர்ந்திருப்போர் அதை உற்சாகம் என்று எண்ணிக் கைதட்டுகிறார்கள்.

இதில் ஆசிரியரின் குரலுக்கும் பங்குண்டு என்பதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன், ஏனெனில் ஆசிரியர்களே குரல் நோய்க்கு எளிதில் ஆளாகும் தொழிலினர். நாள் முழுவதும் வகுப்பெடுத்துக் களைத்த இசை ஆசிரியை, தம் தொண்டைக்கு இசைவாகப் பாட்டை இரண்டு கட்டை இறக்கிச் சொல்லிக் கொடுப்பார்; பிள்ளைகளும் அந்தத் தாழ்ந்த சுருதியிலேயே கனத்த குரலில் பழகிவிடுவார்கள். ஆண் ஆசிரியர் பாடிக் காட்டினால் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதைச் சிறு பிள்ளைகள் அப்படியே பின்பற்ற முயன்று தடுமாறுவதும் உண்டு. இதற்கு எளிய வழி இருக்கிறது. முதல் ஒத்திகைக்கு முன்பே ஒவ்வொரு தனிப்பாடலையும் அதைப் பாடவிருக்கும் பிள்ளையைக் கொண்டு டிராக் இல்லாமல் பாடச் சொல்லி, அது தானாக எடுக்கும் சுருதியைக் குறித்துக்கொள்ளலாம். கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தான் அந்த மாற்றத்தை ஒரு நொடியில் செய்துவிடும். பதிவான டிராக்கின் வேகம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் செயலிகளும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தலைமையாசிரியை தேர்ந்தெடுத்த பாட்டு பிள்ளையின் எல்லைக்குள் எந்தச் சுருதியிலும் அடங்காவிட்டால், மாற்ற வேண்டியது பாட்டைத்தான்.

அடுத்த தொல்லை அரங்கம். மேலே தகரக் கூரை, சுற்றிலும் மின்விசிறிகள், ஓரத்தில் அட்டை வெட்டிச் சம்மனசுகளுக்கு (வானதூதர்களுக்கு) இறக்கை ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கூட்டம், பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் முழு ஒலியில் டிராக். சுற்றுப்புறச் சத்தம் கூடும்போது பேசுகிறவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். பெரியவர்களால் கூட இதை எளிதில் அடக்க முடிவதில்லை. எனவே “மெதுவாகப் பாடு” என்று பிள்ளையிடம் சொல்வதால் பயனில்லை, டிராக்கின் ஒலியைத்தான் குறைக்க வேண்டும். மைக் வாடகைக்காரர் விழா நாளன்றுதான் வருவார் என்றால், அதுவரையிலான ஒத்திகைகளில் பிள்ளைகள் மைக் இல்லாத அரங்கத்தின் கடைசி வரிசைக்குக் குரலை எட்டவைக்கப் பழகியிருப்பார்கள். கடைசி ஒரு வாரத்துக்காவது இரண்டு மைக்குகளும், பிள்ளைகள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்கு மேடையை நோக்கிய ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் பெரும்பகுதிச் சேதத்தைத் தவிர்க்கலாம். ஆடை வாடகையில் சற்றுக் குறைத்து இதற்குச் செலவிடலாம் என்று நான் சொன்னபோது ஒரு பள்ளித் தாளாளர் சிரித்தார். ஆனால் அந்த ஆண்டே செய்தார்.

மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைந்து மாறுவது, தனியே கவனிக்க வேண்டியது. தமிழ் மேடை இதை நன்கு அறியும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை உள்ளிட்ட சிறுவர் நாடகக் குழுக்களில் மகரக்கட்டு வந்த சிறுவனுக்கு அதுவரை நடித்த பாட்டு வேடம் நிலைப்பது அரிது. ஐரோப்பியக் கத்தோலிக்க ஆலயங்களிலும் இதே கதைதான். வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்துப் பாடகர் குழுவிலிருந்து பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற ஹைடன் 1749இல் வெளியேற நேர்ந்தது குரல் உடைந்ததால்தான். அதே நகரின் அரண்மனைச் சிற்றாலயத்தில் பாடிய, அவரைப் போலவே பின்னாளில் இசையமைப்பாளரான ஷூபர்ட், 1812 ஜூலை 26 அன்று தாம் கடைசி முறையாகக் கூவியதாக இசைத்தாளிலேயே எழுதி வைத்தார். அப்போது அவருக்கு வயது 15. ஹைடனுக்கோ 17. இன்றைய சிறுவர்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுக்குள்ளேயே இது தொடங்கிவிடுகிறது. அதாவது, இசை நாடகத்தின் முக்கிய வேடங்கள் வழக்கமாகப் போய்ச் சேரும் ஏழாம், எட்டாம் வகுப்பில்.

ஆகஸ்டில் தெளிந்த உச்சக் குரலோடு கபிரியேல் வானதூதர் வேடத்துக்குத் தேர்வான சிறுவன் டிசம்பரில் அதே பாட்டைப் பாட முடியாமல் திணறுவதில் அவன் குற்றம் எதுவும் இல்லை. அவனுடைய குரல் சில மாதங்களில் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். இடையில் ஒரு கட்டத்தில் அவனுக்கு வசப்படும் சுரங்கள் ஒரு ஸ்தாயிக்கும் குறைவாகச் சுருங்கிவிடலாம். பெண் பிள்ளைகளின் குரலும் இவ்வயதில் மாறுகிறது. ஆனால் இறக்கம் ஏறக்குறைய மூன்று அரைச்சுர அளவே என்பதாலும், குரலில் காற்று கலந்து சற்று மங்குவதோடு நின்றுவிடுவதாலும், அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்வதே வழக்கமாக இருக்கிறது. மகரக்கட்டின்போது பாடவே கூடாது என்ற பழைய தடையை நான் ஏற்பதில்லை. வசப்படும் ஐந்தாறு சுரங்களுக்குள், உரக்கக் கத்தாமல் பாடலாம், பாடவும் வேண்டும். வேடத்துக்கான தேர்வை ஆகஸ்டில் முடித்திருந்தாலும் நவம்பரில் ஒருமுறை எல்லாக் குரல்களையும் மீண்டும் கேட்பது நல்லது. மாற்றம் தெரிந்தால் பாட்டின் சுருதியை இறக்கலாம், அல்லது பாட்டைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு வேடத்தை அவனிடமே விட்டுவைக்கலாம். எல்லார் முன்னிலையிலும் வேடத்தைப் பறித்து இன்னொருவனிடம் கொடுப்பது மட்டும் வேண்டாம். அந்த அவமானத்துக்குப் பின் பல ஆண்டுகள் பாடவே மறுத்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. பனங்கற்கண்டும் மிளகும், கற்பூரவல்லிக் கஷாயமும் இதமளிப்பவை, தடையில்லை. ஆனால் குடிப்பது எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை, அது உணவுக் குழாய் வழியே போய்விடுகிறது. உடம்பில் நீர்ச்சத்துப் போதுமான அளவு இருந்தால் நாண்களின் மேலுள்ள ஈரப்படலம் நெகிழ்ந்திருக்கும் என்பதனால்தான் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம். மேடை ஏறுமுன் ஒரு சொம்பு வெந்நீர் குடிப்பதால் அந்தப் பயன் வராது. கொதிக்கும் பாத்திரத்தின் முன் பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்கச் செய்வதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். தொண்டைக்காக வந்தவர்கள் தீக்காயத்துக்கும் சேர்த்து மருத்துவம் பார்க்க நேரிடும். “குரல் போய்விட்டது, குசுகுசுவென்று பேசு” என்ற அறிவுரையும் தவறானது. குசுகுசுப்பதும் அடிக்கடி கனைப்பதும் நாண்களுக்கு உழைப்பே. மெல்லிய இயல்பான குரலில் குறைவாகப் பேசுவதே ஓய்வு. சளிக் காய்ச்சலோடு வரும் பிள்ளையை ஒத்திகையில் நடிக்க விடலாம், பாட விடக் கூடாது.

சளிக்குப் பின்னான கரகரப்பு ஓரிரு வாரங்களில் தெளிந்துவிடும். நான்கு வாரங்களுக்கு மேலும் குரல் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று குரல் நாண்களை நேரில் பார்க்கச் செய்ய வேண்டும். மூச்சு விடும்போது சத்தம், விழுங்குவதில் சிரமம், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் நான்கு வாரங்கள் காத்திருக்கலாகாது. சிறு கேமரா பொருத்திய மெல்லிய குழாயைக் கொண்டு செய்யப்படும் இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதன் முன்னோடியான சிறு கண்ணாடியைக் கொண்டு 1854இல் தம் குரல் நாண்களைத் தாமே பார்த்தவர் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் என்பதை இசை ஆசிரியர்களிடம் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும்.

முடிச்சு என்று தெரியவந்தால் பெற்றோர் முதலில் அஞ்சுவது அறுவை சிகிச்சைக்கு. பிள்ளைகளுக்கு அது அரிதாகவே தேவைப்படுகிறது. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற பேச்சு சிகிச்சையாளர் தரும் குரல் பயிற்சியாலும் பழக்க மாற்றத்தாலும் பெரும்பாலான முடிச்சுகள் கரைந்துவிடுகின்றன. சில மாதங்கள் பிடிக்கும் அப்பயிற்சிக் காலத்தில் பிள்ளை எவ்வளவு பாடலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அத்தாளை இரண்டு படி எடுத்து, ஒன்றைப் பள்ளியின் இசை ஆசிரியையிடமும் மற்றொன்றைப் பங்கின் பாடகர் குழுவை நடத்துபவரிடமும் பெற்றோர் சேர்ப்பித்துவிட வேண்டும்.