சிவப்பு வந்தா கணக்கு தெரியலன்னு அர்த்தம் இல்ல

போன வருஷம் ஆகஸ்ட்ல ஒரு மத்தியானம், ஒடுகத்தூர் பக்கத்துலருந்து வர்ற ஒரு பொண்ணு, பர்ஸ்ட் இயர் பிசிஏ, ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்னுச்சு, கண்ணெல்லாம் செவந்து போயிருந்துச்சு. "மேம், எனக்கு மேத்ஸ் வரல மேம், வேற குரூப் மாத்திக்கலாமா?"ன்னு கேட்டுச்சு. என்னம்மா ஆச்சுன்னா போனை நீட்டுது. ஆன்லைன் ஹோம்வொர்க்ல ஒரே கணக்குக்கு 17 தடவை ஆன்சர் போட்டிருக்கு, 17 தடவையும் சிவப்பு. "கரெக்டா தான் மேம் போட்றேன், தப்பு தப்புன்னே காட்டிக்கினு கீது."

டீச்சர் லாகின்ல உள்ள போனா ஒவ்வொரு ஸ்டூடன்ட்டும் எந்த நேரத்துல என்ன டைப் பண்ணாங்கன்னு வரிசையா தெரியும், அதை எடுத்துப் பார்த்தேன். கணக்கு 1/(2எக்ஸ்+3)-க்கு டெரிவேட்டிவ் கண்டுபிடிக்கறது. விடை -2/(2எக்ஸ்+3)^2, ^2-ன்னா ஸ்கொயர். நோட்டைக் காட்டும்மான்னேன். நோட்டுல அச்சு மாதிரி எழுதி வெச்சிருக்கு, மேல மைனஸ் 2, நடுவுல கோடு, கீழ பிராக்கெட் போட்டு ஸ்கொயர், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா போன்ல அடிச்சது -2/2எக்ஸ்+3^2. நோட்டுல இருக்கற அந்த நீளமான கோடு பிராக்கெட்டோட வேலையையும் சேர்த்து செய்யுது, போன்ல இருக்கற சாய்ஞ்ச கோடு அதைச் செய்யாது. மெஷின் அதுக்கு அடுத்து இருக்கற 2-ஐ மட்டும் கீழ வெச்சுக்கிச்சு, -2/2-ன்னா -1, அதை எக்ஸால பெருக்கிச்சு, அப்புறம் 3 ஸ்கொயர் 9-ஐ கூட்டிச்சு. அதாவது அந்தப் பொண்ணு சொன்னதா மெஷினுக்கு கேட்டது மைனஸ் எக்ஸ் பிளஸ் 9. முதல் தடவையிலயே கணக்கு சரி. அது தெரியாம மூணு நாள் தூங்காம இருந்திருக்கு.

வேலூர்ல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல 14 வருஷமா அலைடு மேத்ஸ் எடுக்கறேன், நாலு வருஷமா ஹோம்வொர்க்கை ஆன்லைன்ல குடுக்கறோம். இந்த மாதிரி கண்ணு செவந்து வந்து நிக்கற பசங்களை ஒவ்வொரு ஜூலை ஆகஸ்ட்லயும் பாக்கறேன், அதனாலதான் இதை எழுதறேன். முக்காவாசி பேர் தமிழ் மீடியம் கவர்மென்ட் ஸ்கூல்லருந்து வர்றவங்க, ப்ளஸ் டூல வகையிடல் தொகையிடல் எல்லாம் நல்லாவே போட்டவங்க. இங்க வந்து ஒரு மெஷின் தப்புன்னு சொன்ன உடனே தனக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு முடிவு பண்ணிடறாங்க.

முதல்ல இந்த சிஸ்டம் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க, தெரிஞ்சா பாதி பயம் போயிடும். வெப்வொர்க்னு ஒண்ணு இருக்கு, 1990கள்ல அமெரிக்காவுல ரோசெஸ்டர் யுனிவர்சிட்டியில ஆர்னால்ட் பைசர், மைக்கேல் கேஜ்னு ரெண்டு மேத்ஸ் ப்ரொபசருங்க ஆரம்பிச்சது, காசு கிடையாது, எந்த காலேஜும் இன்ஸ்டால் பண்ணிக்கலாம். ஸ்டாக்னு இன்னொண்ணு, கிறிஸ் சாங்வின்னு பிரிட்டன்ல ஒரு ப்ரொபசர் பண்ணது, நம்ம காலேஜுங்கள்ல ஆன்லைன் கிளாஸுக்கு வெச்சிருக்கற மூடில் சாஃப்ட்வேர் கூடவே சேர்ந்து ஓடும். மை ஓப்பன் மேத் அதுவும் ஃப்ரீ. பப்ளிஷருங்க காசுக்கு விக்கறதும் இருக்கு. எல்லாத்துலயும் ஐடியா ஒண்ணுதான், ஒரே மாடல் கணக்குல ஒவ்வொருத்தருக்கும் வேற வேற நம்பர் வரும், ஆன்சர் போட்ட உடனே சரியா தப்பான்னு சொல்லிடும்.

எப்படி சரி பாக்குதுன்னு நெறைய பேருக்கு தெரியாது. புக்குக்கு பின்னாடி இருக்கற ஆன்சரோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாக்குதுன்னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல. வெப்வொர்க் என்ன பண்ணும்னா எக்ஸுக்கு ஏதோ சில நம்பரை எடுத்து நீங்க போட்டதுலயும் சரியான விடையிலயும் போட்டுப் பாக்கும், ரெண்டும் ஒண்ணா வந்தா சரி. ஸ்டாக் பின்னாடி மேக்சிமான்னு ஒரு அல்ஜீப்ரா சாஃப்ட்வேர் வெச்சு ரெண்டையும் கழிச்சு சுருக்கிப் பாக்கும். அதனால கணக்குலயே இந்த வடிவத்துலதான் வேணும்னு கேக்காத வரைக்கும் நீங்க விரிச்சு எழுதினாலும் சரி, பொதுக்காரணியை வெளிய எடுத்து எழுதினாலும் சரி, ஏத்துக்கும். பக்கத்துல இருக்கறவன் ஆன்சர் வேற மாதிரி இருக்கேன்னு அடிச்சு மாத்தாதீங்க.

சரியான கணக்கு எங்க தப்பாகுதுன்னு பசங்க டைப் பண்ணதை இத்தனை வருஷம் டீச்சர் லாகின்ல பாத்ததுல ஒரு நாலஞ்சு எடம்தான் திரும்பத் திரும்ப வருது. பிராக்கெட் முதல் எடம், அதைச் சொல்லிட்டேன். அடுத்தது மைனஸ். -3^2-ன்னு அடிச்சா -9, (-3)^2-ன்னு அடிச்சாதான் 9. இதுல பசங்களை குறை சொல்லவே முடியாது, ஏன்னா எக்ஸெல்ல =-3^2 போட்டா 9ன்னு காட்டும், பிசிஏ பசங்க அதை லேப்ல பாத்துட்டு வந்து இங்க அடிக்கறாங்க. அப்புறம் பெருக்கல். நோட்டுல பெருக்கல் குறி போட்டு பழகின கை, போன்லயும் அந்த இடத்துல எக்ஸ் எழுத்தை அடிக்குது, 3-ஐ 4-ஆல பெருக்குன்னு இவங்க சொல்ல நினைக்கறாங்க, மெஷினுக்கு அது ஒரு மாறியாத்தான் தெரியும். ஸ்டார் குறி போடணும். போன் கீபோர்டு முதல் எழுத்தை தானாவே பெரிய எழுத்தா மாத்திடும், பெரிய எக்ஸ் வேற சின்ன எக்ஸ் வேறன்னுதான் மெஷின் எடுத்துக்கும், அந்த ஆட்டோ கேப்பிடலை செட்டிங்ஸ்ல போயி ஆஃப் பண்ணி வெச்சுடுங்க.

டெசிமல் ரொம்ப பேருக்கு மார்க்கை தின்னுடுது. விடை 2/3, நீங்க 0.67-ன்னு போட்றீங்க, பரீட்சை பேப்பர்ல எந்த வாத்தியாரும் டிக் போட்டுடுவாங்க. வெப்வொர்க்ல சாதாரணமா 0.1 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 0.67 அரை சதவீதம் தள்ளிப் போயிடுது, அதனால சிவப்பு. 0.667 போட்டா பச்சை. நா சொல்றது எதுக்கு இந்த வம்பு, 2/3-ன்னே அடிச்சுடுங்க, மெஷினுக்கு பகுக்கத் தெரியும். எக்ஸாக்ட் வேல்யூன்னு கேட்டா ரூட் 2-ஐ ரூட்டாவே விடணும், 1.414 ஆக்கக் கூடாது. இன்னொண்ணு, சைன் 30 அரைன்னு பத்தாவதுலருந்து மனப்பாடம், ஆனா கேல்குலஸ் ஆரம்பிச்சாச்சுன்னா மெஷின் ரேடியன்லதான் எடுக்கும், சைன் 30ன்னு அடிச்சா மைனஸ் 0.988ன்னு வந்து நிக்கும். பை/6ன்னு அடிக்கணும்.

இதெல்லாத்துக்கும் ஒரே மருந்து பிரிவியூ. நீங்க டைப் பண்ணதை மெஷின் எப்படி படிச்சுதுன்னு புக்குல இருக்கற மாதிரி கோடு போட்டுக் காட்டும், அது தப்பா எண்ணிக்கையில சேராது, மார்க் குறையாது. அந்த ஒடுகத்தூர் பொண்ணுகிட்ட பட்டனை அமுக்கச் சொன்னேன். ஸ்க்ரீனைப் பாத்துட்டு "அய்யோ இன்னா மேம் இது, நா எழுதினதே இது இல்லியே"ன்னு சொல்லிக்கினே அதுவே ரெண்டு பிராக்கெட்டை போட்டுச்சு, 18வது தடவை பச்சை. நா ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல.

இப்ப இதுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு இன்னும் கவலை. எல்லா வாரமும் பத்துக்கு பத்து, பச்சையா இருக்கற பசங்க. ஒரு பையன், ரொம்ப நல்ல பையன், குடியாத்தம், ஹோம்வொர்க்ல ஒரு மார்க் கூட விட்டதில்ல, மாடல் எக்ஸாம்ல 75-க்கு 19. கூப்பிட்டு நோட்டை எடுப்பான்னேன். "நோட்டு போடல மேம்." போன்ல கேமராவை கணக்கு மேல காட்டினா ஆன்சர் குடுக்கற ஆப் இருக்கு, அதுலருந்து எடுத்து டைப் பண்ணிட்டு போயிருக்கான். நம்ம சேர்க்காடு திருவள்ளுவர் யுனிவர்சிட்டி செமஸ்டர் பேப்பர்ல ஸ்டெப்புக்குத்தான் மார்க், கடைசி வரியை மட்டும் எழுதிட்டு வந்தா யாரும் ஒண்ணும் குடுக்க முடியாது. ஆன்லைன் சிஸ்டம் கடைசி வரியை மட்டும்தான் பாக்கும், அதுக்கு முன்னாடி இருக்கற ஏழு வரி உங்க நோட்டுல மட்டும்தான் இருக்கும். நோட்டுல இல்லன்னா எங்கயும் இல்ல.

அந்த ஆப்பே கூடாதுன்னு நா சொல்லல. சிவப்பு வந்து, பிரிவியூவும் சரியா இருந்து, நோட்டுல எங்க தப்புன்னு அரைமணி நேரம் தேடியும் கிடைக்கலன்னா அதுல ஸ்டெப்பை பாருங்க, பாத்துட்டு மூடி வெச்சுட்டு திரும்ப போடுங்க. ஆனா பிரவுசிங் சென்டர்ல பாஸ்வேர்டு குடுத்து காசு குடுத்து போட வெக்கறது, யூடியூப்ல என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ் அசைன்மென்ட்டுக்கு ஆன்சர்னு போட்ற வீடியோவை பாத்து டிக் பண்றது, இதெல்லாம் வேண்டாம். பெத்தவங்களும் கொஞ்சம் கவனிங்க, மார்க் ஷீட்ல பச்சையா இருக்குன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி நோட்டைக் கொண்டா பாக்கலாம்னு கேளுங்க, உங்களுக்கு கணக்கு தெரியணும்னு இல்ல, பக்கம் நெறைஞ்சிருக்கான்னு பாத்தா போதும்.

ஃப்ரெண்டுகிட்ட கேக்கறதை நா தடுக்கறதே இல்ல. நம்பர் வேற வேறயா வர்றதால இப்ப "ஆன்சர் என்னடா"ன்னு கேட்டு பிரயோஜனம் இல்ல, "எப்படிடா போட்ட"ன்னுதான் கேக்க வேண்டியிருக்கு. பஸ்ல வர்றப்ப காட்பாடி வரைக்கும் ரெண்டு பொண்ணுங்க உன்னுதுல 5 எனக்கு 7னு பேசிக்கிட்டே செயின் ரூலை பேசி முடிச்சதை நானே காதால கேட்டிருக்கேன்.

டீச்சருங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், நா பண்ண தப்புலருந்து. முதல் வருஷம் ஞாயித்துக்கிழமை ராத்திரி 11:59-ன்னு கடைசி நேரம் வெச்சேன். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் அம்மா ஷூ கம்பெனிக்கு போற வீடுங்க எவ்வளவோ, வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன், அது அம்மாவோட போயிட்டு சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் திரும்பி வரும், தம்பிக்கு ஸ்கூல் மெசேஜும் அதுலதான். பதினொரு மணிக்கு எல்லாரும் ஒண்ணா உள்ள வந்து சர்வரும் நின்னுடுச்சு. அன்னிக்கு ஜீரோ வாங்கினவங்கள்ல கணக்கு தெரியாதவங்க ரெண்டு பேர்தான். இப்ப புதன் காலையில திறந்து அடுத்த புதன் மத்தியானம் ரெண்டு மணிக்கு மூடறோம், நடுவுல செவ்வாய், வெள்ளி மூணரைக்கு மேல லேப் திறந்து வெக்கறோம். எத்தனை தடவை வேணா போடலாம்னு விட்டுட்டோம். இன்டர்னல் 25ல இதுக்கு 5 தான், அந்த 5ல 2 நோட்டுக்கு.

சந்தேகம்னா எனக்கு மெசேஜ் போடுங்க, எத்தனை மணின்னாலும் காலையில பாத்துடுவேன். "தப்புன்னு காட்டுது மேம்"னு மட்டும் போட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. கணக்கு நம்பர், பிரிவியூ ஸ்க்ரீன்ஷாட், நோட்டுப் பக்கத்தோட போட்டோ, மூணும் வேணும். அடிச்சு திருத்தினதா இருந்தாலும் பரவால்ல, ஒயிட்னர் போடாம அப்படியே அனுப்புங்க, எந்த வரியில கை மாறிச்சுன்னு அதுலதான் எனக்குத் தெரியும்.