பெயரில் கெட்ட வார்த்தை தேடும் ஃபில்டரும் எல்லை ஊர்ப் பெயர்களும்

தனலட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது எழுத்திலிருந்து ஆறாவது வரை வரும் நான்கும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் ஆசனவாய் சம்பந்தப்பட்ட சொல். லக்ஷிதாவில் நான்காவதிலிருந்து ஏழாவது வரை, மலத்தைக் குறிக்கும் வசைச்சொல். ரக்ஷிதாவுக்கும் ஹர்ஷிதாவுக்கும் அதே கதிதான். சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கப் போகும் இவர்களிடம், "இந்தப் பெயர் எங்கள் விதிகளுக்கு எதிரானது" என்று செயலி சொல்லிவிடுகிறது. அதே செயலியில், ஒரு பெண்ணின் பெயரோடு தமிழ் வசை ஒன்றைச் சேர்த்து எவனோ தொடங்கிய கணக்கு எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்விடுகிறது.

இரண்டையும் தினமும் பார்க்கிற வேலை என்னுடையது. சமூகச் செயலிகளில் பயனர் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இங்கே வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், போனில் ஆங்கில எழுத்து. எங்கள் ஊர் ஆட்களின் பெயர்கள் இந்த மூன்றையும் தாண்டித்தான் ஒரு செயலிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "ஏனுங் தம்பி, எம் பேரே கெட்ட வார்த்தைன்னு போன் சொல்லுது. இதை யாருகிட்டப் போய்ச் சொல்றது?" அவருக்கு நேராகப் பதில் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1996இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் ஃபில்டர், இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரத்துக்காரர்களைக் கணக்குத் தொடங்க விடவில்லை. ஊர்ப் பெயருக்குள் ஒரு ஆபாசச் சொல் ஒளிந்திருந்ததுதான் காரணம். அன்றிலிருந்து இந்த வகைக் கோளாறுக்கு எங்கள் துறையில் ஸ்கன்தோர்ப் சிக்கல் என்றே பெயர். இத்தனை வருடம் கழித்தும் அது தீராததற்குக் காரணம் எளிது. எழுத்து வரிசையை மட்டும் பார்த்து, அது எங்கே வந்தாலும் குற்றம் என்று முடிவு கட்டுவது மலிவான வேலை. ஒரே நாளில் எழுதிவிடலாம். பெயர் வைத்த மக்கள் யார், அவர்கள் பேச்சு எது என்று கேட்பதற்கு ஆள் வேண்டும், காசு வேண்டும்.

பதிவில் வரும் வசையை விடப் பயனர் பெயரில் வரும் வசை ஏன் மோசம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பதிவைப் பிடிக்கவில்லை என்றால் தாண்டிப் போய்விடலாம். பயனர் பெயர் அப்படியில்லை. அந்தக் கணக்கு உங்களைப் பின்தொடர ஆரம்பித்தாலே போதும், "இன்னார் உங்களைப் பின்தொடர்கிறார்" என்று உங்கள் போன் திரையில் அந்த வசை வந்து நிற்கும். லைக் போட்டால் ஒரு முறை, டேக் செய்தால் இன்னொரு முறை. உங்கள் வாசலில் உங்களைக் கேட்காமலே ஒருவன் பலகை மாட்டிவிட்டுப் போவது போலத்தான் இது. மெசேஜ் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தாலும் பலன் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள்.

ஆகவே ஃபில்டர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி.

பயனர் பெயரில் இரண்டு இருக்கின்றன. திரையில் தெரியும் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம். அதற்குக் கீழே வரும் அடையாளப் பெயருக்கு, ட்விட்டராக இருந்து எக்ஸ் ஆன தளத்திலும் சரி, இன்ஸ்டாகிராமிலும் சரி, ஆங்கில எழுத்தும் எண்ணும் ஒன்றிரண்டு குறிகளும் மட்டும்தான். முன்னதில் 15 எழுத்து, பின்னதில் 30. இடைவெளி விடவும் முடியாது. அதனால் ஊர்ப் பெயர், அப்பா பெயர், சொந்தப் பெயர் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே சரமாக நிற்கும். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஒட்டிய இடத்தில் புதிதாக ஒரு வசை பிறந்துவிடும்.

இதில் எல்லை ஊர்களுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம். தமிழில் ஊர்ப் பெயர் பாதிக்குமேல் பட்டியில்தான் முடியும் என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு பட்டிகள். உசிலம்பட்டி, கோவில்பட்டி, கோயம்புத்தூரில் ஐடி கம்பெனிகள் நிறைந்த சரவணம்பட்டி. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். ஆளைப் பார்த்துச் சொன்னால் திட்டு. பழனி முருகனை வேண்டிப் பிள்ளைக்குப் பழனியாண்டி என்று பெயர் வைப்பது எங்கள் பக்கம் சாதாரணம். ஆங்கில எழுத்துக்கு வந்ததும் ஆண்டியின் நெடில் போய்விடுகிறது. மிஞ்சும் நான்கு எழுத்து மலையாளக் கொச்சையில் ஆணுறுப்பைக் குறிக்கும். தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டிக்காரர் மூணாறில் வேலை பார்த்துக்கொண்டு ஊர்ப் பெயரில் கணக்குத் தொடங்கினால், மலையாளப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஃபில்டரில் இரண்டு முறை மாட்டுவார்.

ஆந்திர எல்லையில் வேறு மாதிரி. கும்மிடிப்பூண்டியும், சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி ஏரியும் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள். தமிழ் வசைகளை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள் என்பதால், ஒலியை வைத்து எல்லாவற்றையும் ஒரே சுருக்க வடிவமாக, அதாவது ஒரே சாவியாக, மாற்றிப் பார்க்கும் முறை உண்டு. குறிலும் நெடிலும் ஒன்று, த-வும் ட-வும் ஒன்று, கடைசி உயிரெழுத்தைக் கழித்துவிடு. இப்படிச் சுருக்கினால் திருட்டுத்தனமாக எழுதிய வசை மாட்டும், அது உண்மைதான். கூடவே பூண்டியும் மாட்டும், ரசத்துக்குப் போடும் பூண்டும் மாட்டும். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லவர்கள் உள்ளே சிக்குவார்கள். ஒலிச் சாவியில் மாட்டிய எதையும் தானாகத் தடை செய்யக்கூடாது, மனிதர் பார்வைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓரிடத்துக்குச் செய்த பட்டியலை உலகம் முழுக்கப் போடுவது இன்னொரு வம்பு. 2017இல் மியான்மரில் ஃபேஸ்புக், இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் இழிவாகச் சொல்லும் "கலா" என்ற சொல்லைத் தடுக்கத் தொடங்கியது. வெறுப்புப் பேச்சு அங்கே உயிரைக் குடித்துக்கொண்டிருந்த காலம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பர்மிய மொழியில் கடலைப்பருப்பின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. பருப்பைப் பற்றி எழுதியவர்களின் பதிவுகளும் போயின. அந்தப் பட்டியலை அப்படியே நம் பக்கம் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கலா என்று நம் வீடுகளில் எத்தனை அக்காமார்! அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் ரகரத்தோடு முடித்தும் எழுதுவார்கள். அப்படிப் பார்த்தால் களரிப் பயிற்சிக் கூடங்களும் தப்பாது.

சாதிப் பெயர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எனக்கு மனசு மிகவும் கனக்கிற இடமும் இதுதான். தமிழிலும் மலையாளத்திலும் மிகக் கேவலமான திட்டாகப் பயன்படும் சொற்களில் சில, ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பெயர்கள். அவற்றைப் பட்டியலில் சேர்த்துத் தடுத்துவிட்டால் நல்லது செய்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் அதே பெயர் அரசின் பட்டியல் சாதிகள் ஆணையில் இருக்கிறது, சாதிச் சான்றிதழில் இருக்கிறது. பறை இசைக்கும் குழுக்கள் தங்கள் பெயரில் பறையைப் பெருமையாகச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் குழுவுக்குக் கணக்கு மறுப்பது, அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த அதே பழைய வேலையைக் கணினி வழியாகச் செய்வதாகும். மறுபக்கம், ஆதிக்கச் சாதிப் பெருமை பேசும் கணக்குகளின் பெயரில் ஒரு கெட்ட வார்த்தையும் இருக்காது. பரம்பரை, ரத்தம், சிங்கம், ஒரு எண், அவ்வளவுதான். அது யாரை மிரட்டுகிறது என்று உள்ளூரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சொல் பட்டியலுக்குத் தெரியாது.

அதனால் சாதிப் பெயர் வரும் பயனர் பெயர்களைத் தனியாக வைத்து, கணக்கு என்ன செய்கிறது என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பார்ப்பவர்களில் அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் செலவு என்பார்கள். செலவுதான், செய்யத்தான் வேண்டும்.

கெட்ட வார்த்தையே இல்லாமல் வரும் இன்னொரு கொடுமை: பெண்ணின் பெயர், ஊர், அதோடு அவளுடைய பத்து இலக்க மொபைல் எண். பயனர் பெயர் முழுவதுமே அவ்வளவுதான். எங்கெங்கிருந்தோ அழைப்பு வர ஆரம்பித்துவிடும். 6, 7, 8, 9 என்ற எண்களில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம் ஒரு பயனர் பெயரில் வந்தால் அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆட்டோக்காரர், கேட்டரிங் நடத்துகிறவர் எனப் பலர் தங்கள் எண்ணை நியாயமாகவே சேர்ப்பார்கள். கணக்குத் தொடங்க ஓடிபி வாங்கிய எண்ணும் பெயரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

செயலி செய்பவர்களுக்குச் சில தொழில்நுட்பக் குறிப்புகள். பெயரைச் சேமிப்பதற்கு ஒரு வடிவம், ஒப்பிடுவதற்கு இன்னொரு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும் வடிவத்தில் புள்ளி, அடிக்கோடு, கண்ணுக்குத் தெரியாத இணைப்பு எழுத்துகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, யூனிகோட் சீராக்கம் (ஒரே எழுத்து கணினியில் பல விதமாகப் பதிவாகியிருந்தால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது) செய்து பாருங்கள். தமிழ் எண் ௧ பார்க்கக் க மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி. வசை எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மலையாளத்து ண, ழ, ஜ மூன்றும் நம் எழுத்துகள் போலவே இருக்கும்; தமிழ் வசைக்கு நடுவில் மலையாள எழுத்து ஒன்றைச் செருகிவிட்டால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். உருவ ஒற்றுமைப் பட்டியலை யூனிகோட் அமைப்பே வெளியிட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் காட்டும் பெயரில் கை வைக்காதீர்கள். மலையாளத்துச் சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராமல் தனியாக நிற்கும் மெய்களுக்கு) 2008இல் யூனிகோட் 5.1 தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன் கண்ணுக்குத் தெரியாத இணைப்பியை வைத்துத்தான் அவற்றை எழுதினார்கள். அந்த இணைப்பியைக் காட்டும் பெயரிலிருந்தும் நீக்கிவிட்டால் பலருடைய பெயர் உடைந்து தெரியும். இரண்டு வடிவங்களையும் கவனமில்லாமல் கையாண்டால் பாதுகாப்பும் போய்விடும். 2013இல் ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில், யூனிகோட் எழுத்துகளால் வேறொருவர் பெயர் மாதிரியே பெயர் வைத்து அவர் கணக்கைக் கைப்பற்ற வழி இருந்தது. ஒரு முறை சீராக்கிய பெயரை மறுபடி சீராக்கினால் நிரல் வேறு விடை கொடுத்ததுதான் காரணம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தால் சேர்த்தும் சோதியுங்கள். தனித்தனியாகச் சுத்தமாக இருப்பவை ஒட்டிய பிறகு வசையாவது பழைய தந்திரம். கணக்குத் தொடங்கும்போது மட்டுமல்ல, பெயர் மாற்றும்போதும் சோதனை ஓட வேண்டும்.

மறுக்கும்போது காட்டும் வாசகம் முக்கியம். "உங்கள் பெயர் ஆபாசமானது" என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது. "இந்தப் பெயரை எங்கள் தானியங்கிச் சோதனை ஏற்கவில்லை, இது உங்கள் உண்மையான பெயர் அல்லது ஊர் என்றால் இங்கே தெரிவியுங்கள்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, கீழே ஒரு பொத்தான் வையுங்கள். அதை அழுத்தினால் ஒரு மனிதர் பார்க்க வேண்டும்.

சரி, பாதிக்கப்பட்டவர்கள் என்ன செய்யலாம்? பெயர் மறுக்கப்பட்டால் உடனே எழுத்தை மாற்றி ஒப்பேற்றிவிடாமல், செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகார் கிடைத்ததை அவர் 24 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்த வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால், முடிவு கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

உங்களைக் குறிவைத்து வசைப் பெயரில் கணக்கு வந்திருந்தால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும். அந்தக் கணக்கின் இணைப்பையும் நகலெடுத்து வையுங்கள், ஏனென்றால் புகார் போனது தெரிந்ததும் முதலில் பெயரைத்தான் மாற்றுவார்கள். புகார் செய்யும்போது பதிவைச் சுட்டாமல் கணக்கையே சுட்டி, குற்றம் பெயரிலேயே இருக்கிறது என்று எழுதுங்கள். பதிவுகளை மட்டும் பார்த்துவிட்டுத் தவறு இல்லை என்று மூடிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தமிழ் வசை என்றால் அதன் பொருளை ஒரு வரி ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுதுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.

மிரட்டலோ பெண்ணை இழிவுபடுத்துவதோ இருந்தால் காவல் நிலையம் போங்கள். கேரளப் பக்கத்து வேலந்தாவளத்துப் பெண்ணை வம்புக்கு இழுப்பவன் பொள்ளாச்சியில் இருப்பான், போலீசில் "அது தமிழ்நாடு, அங்கே போ" என்பார்கள். வாரன்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். பெண்ணை விடாமல் பின்தொடர்வதற்கும், அவளை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 78, 79 என்று பிரிவுகள் இருக்கின்றன.

புதிதாக ஃபில்டர் போடும் அணிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளியிடுவதற்கு முன்னால் உங்கள் ஃபில்டரில் வாளையாறிலிருந்து கோவிந்தாபுரம் வரையும், ஊத்துக்கோட்டையிலிருந்து சத்தியவேடு வரையும் உள்ள பஸ் நிறுத்தங்களின் பெயர்களை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அந்தப் பக்கத்து ஆட்பெயர்களை, தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் ஆங்கில எழுத்திலும். எது மாட்டுகிறதோ அதை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். பட்டியலிலிருந்து எதை எடுக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.