ஈ.பி. ஸ்டடி: இதய மின்னியக்க ஆய்வு

ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, எக்கோவும் பார்த்தாயிற்று. அப்புறம் மருத்துவர், "ஒரு ஈ.பி. ஸ்டடி பண்ணிப் பார்த்துடலாம்" என்கிறார். முதல் இரண்டும் காதுக்குப் பழகியவை. மூன்றாவதில்தான் பலரும் விழிக்கிறார்கள். ஈ.பி. என்பது எலக்ட்ரோபிசியாலஜி என்பதன் சுருக்கம்.

இது கிரேக்க வேர்களால் ஆன சொல். 'எலக்ட்ரான்' என்றால் அம்பர், அதாவது இறுகிக் கல்லாகிப் போன மரப்பிசின். தேய்த்தால் துரும்பை இழுக்கும். அந்த இழுவிசையைச் சொல்ல 1600இல் வில்லியம் கில்பர்ட் அம்பரின் பெயரையே எடுத்துக்கொண்டார். நம் 'மின்' வானத்திலிருந்து வந்தது: மின்னுவது மின்னல். 'பிசிஸ்' என்றால் இயல்பு. பிசியாலஜிக்குத் தமிழில் உடலியங்கியல். இரண்டையும் சேர்த்த 'மின்னுடலியங்கியல்' துறையின் பெயராக இருக்கட்டும். சோதனைக்கு 'இதய மின்னியக்க ஆய்வு' என்பதே பொருத்தம் என்பேன். இது இரத்தக்குழாய் அடைப்பைத் தேடும் சோதனை அல்ல. இதயத்துக்குள் மின்தூண்டல் எந்த வழியில், எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார்ப்பது.

தூண்டல் வலது மேலறையிலுள்ள சைனஸ் கணுவில் பிறக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணுவில் சற்றே தாமதிக்கிறது. அந்த நேரத்தில்தான் மேலறைகள் சுருங்கி, கீழறைகளை முழுதாக நிரப்புகின்றன. பிறகு ஹிஸ் கற்றை என்னும் தசையிழைக் கற்றை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. 1893இல் இக்கற்றையை விவரித்த வில்ஹெல்ம் ஹிஸ் என்பவரின் பெயர் அது.

சோதனையில், தொடை மடிப்பை மரத்துப்போகச் செய்து, சிரை வழியாகக் கத்தீட்டர்களை, அதாவது மின்முனை பொருத்திய மெல்லிய குழாய்களை, இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். ஹிஸ் கற்றையருகே உள்ள கத்தீட்டர் திரையில் மூன்று அசைவுகளைக் காட்டும்: முதலில் மேலறை, கடைசியில் கீழறை, நடுவே ஊசிமுனைபோல் ஒரு சிறு கூர்ப்பு. அதுதான் ஹிஸ். அந்தக் கூர்ப்பிலிருந்து கீழறை தூண்டப்படும்வரை சுமார் 35 முதல் 55 மில்லிநொடி ஆகும். மிகவும் நீண்டால் கீழ்வழியில் பழுது. பேஸ்மேக்கர் தேவையா என்று யோசிப்பார்கள். அடுத்து, கத்தீட்டர் வழியாகச் சிறு தூண்டல்கள் கொடுத்து, படபடப்பை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். நோயாளிக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் வந்தால்தான் அதன் சுற்றுப்பாதை தெரியும். பெரும்பாலும் அதே கத்தீட்டர் வழியாகத் தூண்டியே நிறுத்தியும் விடலாம். பாதை தெரிந்துவிட்டால், அந்த இடத்தைச் சுட்டுச் செயலிழக்கவைக்கும் அப்லேஷனைப் பல சமயம் அப்போதே முடித்துவிடுகிறார்கள்.

அறிக்கையில் 'அரித்மியா' என்ற சொல்லும் இருக்கும். அதை 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று எழுதுவதில் ஒரு சிக்கல். நிமிடத்துக்கு 180 முறை, கடிகாரம்போல ஒரே இடைவெளியில் துடித்தாலும் அது அரித்மியாதான். ஒழுங்கு இருக்கிறது, வேகம்தான் தவறு. ஆகவே 'துடிப்புச் சீர்கேடு' என்பேன். யாப்பில் சீர் என்பது அளவும்தானே. இடைவெளி பிசகினாலும் வேகம் பிசகினாலும் அந்தச் சொல் தாங்கும்.